பெயர் சொல்லக் கூச்சப்பட்ட ஓர் உறுப்பின் வரலாறு

இந்தக் கட்டுரைக்கான விசயத்தை எங்கட வாசிப்பு வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டதும் வந்த முதல் பதில் ஒரு சிரிப்புப் பொம்மை. இரண்டாவதும் அதுதான். மூன்றாவது ஆள், "உங்களுக்கு வேற தலைப்பே கிடைக்கேல்லையா?" எண்டு கேட்டார். பொய் சொல்லக்கூடாது, நாங்களும் சேர்ந்துதான் சிரிச்சம்.

ஆனால் வாசிக்க வாசிக்க அந்தச் சிரிப்புத்தான் இந்த வரலாற்றின் பாதி எண்டு விளங்கிச்சு. சிறுநீரகத்தை மாற்றி வைத்தார்கள் எண்டால் செய்தி. இதயத்தை மாற்றினார்கள் எண்டால் சாதனை. ஆண்குறியை மாற்றி வைத்தார்கள் எண்டால் பகிடி. அந்தப் பகிடிக்குப் பயந்து எத்தனையோ பேர் தங்கட காயத்தை வைத்தியரிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கினம்.

நாங்கள் கலைப்பீட மாணவர்கள். கத்தி பிடிக்கத் தெரியாது. ஆனால் ஆவணங்களை வாசிக்கப் பழக்கியிருக்கினம். ஆர் எழுதினது? ஆருடைய குரல் அதில் இருக்கு? ஆர் வெறும் ஒரு வயதாக மட்டும் வந்து போகினம்? இந்தக் கேள்விகளோடு பாலுறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சையின் கதையைப் பார்ப்பம்.

கிழவர்களின் கனவும் கைதிகளின் உடலும்

கதை ஆண்குறியில் தொடங்கவில்லை, விரையில்தான் தொடங்குகிறது. 1889 இல் பாரிஸில் பிரவுன் செக்கார் என்ற 72 வயது உடலியல் பேராசிரியர், மிருகங்களின் விரையிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியால் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் அப்படியொரு பலன் கிடைக்க வழியே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் ஆசை தொற்றிவிட்டது.

1920 இல் ரஷ்யாவில் பிறந்து பாரிஸில் வேலை செய்த ஸேர்ஜ் வோரோனொவ், குரங்கின் விரையை மெல்லிய துண்டுகளாக வெட்டி மனிதர்களின் விரைப்பைக்குள் தைக்கத் தொடங்கினார். காசுள்ள கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் ஜோன் பிரிங்க்லி என்றொருவர் ஆட்டின் விரையை வைத்து அதே வியாபாரத்தை நடத்தினார்.

இவர்களைப் போலி வைத்தியர்கள் எண்டு சிரிச்சுக் கடந்துவிடலாம். ஆனால் அதே காலத்தில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் நடந்ததைப் பார்த்துச் சிரிக்க முடியாது. அங்கே தலைமை வைத்தியராக இருந்த லியோ ஸ்டான்லி, 1918 முதல், தூக்கிலிடப்பட்ட கைதிகளின் விரைகளை எடுத்து உயிரோடு இருந்த கைதிகளுக்குள் வைத்துப் பரிசோதித்தார். செத்தவனிடம் கேட்க முடியாது. சிறைக்குள் இருப்பவன் "சரி" எண்டு சொன்னாலும் அது எவ்வளவு தூரம் அவனுடைய சொல்? இந்த மருத்துவத்தின் முதலாவது அறக்கேள்வி ஆய்வுகூடத்தில் பிறக்கவில்லை, தூக்குமேடைக்குப் பக்கத்தில் பிறந்தது.

உடம்பு ஏன் ஏற்கவில்லை

வோரோனொவ் தைத்த துண்டுகள் ஒன்றுமே உயிரோடு இருந்திருக்காது. ஏன் என்பதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீற்றர் மெடாவர் விளக்கினார். தீக்காயம்பட்டவர்களுக்கு வேறு ஆளின் தோலை ஒட்டினால் கொஞ்ச நாளில் அது கழன்று விழுகிறது. இரண்டாம் தடவை அதே ஆளின் தோலை ஒட்டினால் இன்னும் வேகமாக விழுகிறது. உடம்பு அந்நியனை ஞாபகம் வைத்திருக்கிறது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். இதற்காக 1960 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியெண்டால் அந்நியன் இல்லாத ஆளிடமிருந்து எடுத்தால்? 1954 டிசம்பரில் பொஸ்டனில் ஜோசப் மரே ஒரு சிறுநீரகத்தை ஒத்த இரட்டையர்களில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றி வெற்றி கண்டார். இதே தர்க்கத்தில்தான் 1977 இல் அமெரிக்காவின் சென் லூயிஸில் ஷேர்மன் சில்பர் என்ற வைத்தியர், விரையே இல்லாமல் பிறந்த ஒருவருக்கு அவருடைய ஒத்த இரட்டையரின் விரை ஒன்றைப் பொருத்தினார். இருவருக்கும் மரபணு ஒன்று. உடம்பு சண்டை பிடிக்கவில்லை. 2019 டிசம்பரில் பெல்கிரேட்டில் 36 வயதுடைய இரட்டையர்களுக்கிடையே இதே சத்திரசிகிச்சை மறுபடி நடந்தது.

இரட்டையர் இல்லாத மற்றவர்களுக்கு 1980 களில் பரவலான சைக்ளோஸ்போரினும் பின்னால் வந்த டக்ரோலிமஸும்தான் கதவைத் திறந்தன. நிர்ப்பீடனத்தை அடக்கி வைக்கும் மருந்துகள் இவை. சும்மா கிடைத்த வரம் இல்லை. சிறுநீரகத்தைத் தாக்கும், தொற்றுகளை வரவழைக்கும், சிலவகைப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டும். வாழ்நாள் முழுக்க விழுங்கவேணும்.

இங்கதான் இரண்டாவது பெரிய கேள்வி வருகிறது. இதயம் இல்லாவிட்டால் ஆள் செத்துப்போவார், அதனால் அந்த ஆபத்தை எடுக்கலாம். ஆண்குறி இல்லாமல் ஒருவர் உயிரோடு இருக்கலாம். உயிரைக் காக்காத ஓர் உறுப்புக்காக உயிருக்கே ஆபத்தான மருந்தைக் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி முதலில் கைக்கு வந்தது. 1998 இல் பிரான்சின் லியோனில் ஒருவருக்கு இறந்தவரின் கை பொருத்தப்பட்டது. அவர் மருந்துகளை ஒழுங்காக எடுக்கவில்லை. அந்தக் கை தன்னுடையது என்ற உணர்வே வரவில்லை என்றார். 2001 இல் அவர் கேட்டபடியே அது அகற்றப்பட்டது. உள்ளே மறைந்திருக்கும் சிறுநீரகத்தை நாங்கள் தினமும் பார்க்கிறேல்லை. கையைப் பார்க்கிறம். பார்க்கிற உறுப்பை உடம்பு மட்டும் ஏற்றால் காணாது, மனமும் ஏற்கவேணும்.

குவாங்சோ, 2006: ஒரு வசனத்தில் முடிந்த மனைவி

2006 இல் சீனாவின் குவாங்சோ நகரத்தில் ஓர் இராணுவ வைத்தியசாலையில் ஹூ வெய்லியே தலைமையிலான குழு, விபத்தொன்றில் ஆண்குறியை இழந்த 44 வயதுக்காரருக்கு, மூளைச்சாவடைந்த இளைஞர் ஒருவரின் ஆண்குறியைப் பொருத்தியது. இளைஞரின் பெற்றோர் சம்மதித்திருந்தார்கள். சத்திரசிகிச்சை 15 மணித்தியாலம் நீடித்தது. உலகத்திலேயே முதலாவது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் வெற்றி. குருதி ஓடியது. பத்து நாளில் அவர் சாதாரணமாகச் சிறுநீர் கழித்தார். ஆனால் இரண்டு கிழமையில் வைத்தியர்கள் அதைத் திரும்ப வெட்டி எடுத்தார்கள். எடுத்த உறுப்பைப் பரிசோதித்தபோது உடல் நிராகரித்ததற்கான அடையாளம் இல்லை. அவருக்கும் மனைவிக்கும் ஏற்பட்ட கடுமையான உளப் பிரச்சினைதான் காரணம் என்று அறிக்கை சொன்னது.

அந்த வசனத்தை நாங்கள் திரும்பத் திரும்ப வாசிச்சம். மனைவிக்கு என்ன பிரச்சினை? அவரிடம் முன்னமே ஆராவது கேட்டார்களா? செத்துப்போன ஓர் இளைஞனின் உடலுறுப்பு தன் படுக்கைக்கு வருவதைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? மருத்துவ அறிக்கையில் அவருக்குக் கிடைத்த இடம் ஒரு வசனத்தில் பாதி. கொடையாளி ஒரு வயது, நோயாளி இன்னொரு வயது, மனைவி "மனைவி". வைத்தியருக்கு மட்டும்தான் பெயர் இருக்கு.

குறை சொல்லுறதுக்காக இதை எழுதேல்லை. நோயாளியின் இரகசியத்தைக் காக்கவும் பெயரை மறைக்கத்தான் வேணும். ஆனால் பெயரை மறைக்கிறது வேற, குரலை மறைக்கிறது வேற. அந்த இரண்டு கிழமைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழுவும் உளவியல் பரிசோதனையை, துணைவரோடு கதைப்பதை, சத்திரசிகிச்சைக்கு முன்னால் கொண்டுவந்தது. அந்த ஒரு வசனப் பெண்தான் இந்தத் துறைக்குப் பெரிய பாடம் சொல்லிக் கொடுத்தவர் எண்டு நாங்கள் நினைக்கிறம்.

கேப் டவுன், 2014: ஆம்பிளையாகப் போன பிள்ளைகள்

தென்னாபிரிக்காவின் கோசா மக்களிடம் உலுவாலுக்கோ என்றொரு சடங்கு இருக்கு. இளைஞர்கள் ஊரைவிட்டு விலகிக் குடிசைகளில் தங்கி, சுன்னத்துச் செய்துகொண்டு, "ஆண்" என்ற தகுதியோடு திரும்பி வருவார்கள். சரியாகச் செய்தால் காயம் ஆறிவிடும். சுத்தமில்லாத கத்தியோ, இறுக்கிக் கட்டிய கட்டோ வாய்த்தால் தொற்று ஏற்படும், தசை அழுகும். அந்த நிலையில் வைத்தியசாலைக்கு ஓடிப் போனால் ஊர் அவனை முழு ஆணாக மதிக்காது. அந்தப் பயத்தில் பிந்தியவர்கள் உறுப்பை இழந்தார்கள், உயிரையும் இழந்தார்கள். ஆணாகிறதுக்காகப் போன இடத்தில், ஊர் ஆணுக்கு அடையாளம் எண்டு வைத்திருக்கிற உறுப்பையே இழப்பது எவ்வளவு கொடுமை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

2014 டிசம்பர் 11 ஆம் திகதி கேப் டவுனின் டைகர்பேர்க் வைத்தியசாலையில், ஸ்டெலன்பொஷ் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரே வான் டெர் மெர்வே தலைமையிலான குழு, 18 வயதில் இப்படி இழந்த 21 வயது இளைஞருக்கு ஆண்குறி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்தது. ஒன்பது மணித்தியாலம். ஓரிரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குருதிக்குழாய்களையும் நரம்புகளையும் உருப்பெருக்கியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்கவேணும். குழாய் அடைத்தால் உறுப்பு செத்துப்போகும். நரம்பு பொருந்தாவிட்டால் உணர்ச்சி வராது. வெட்டிய நரம்பு ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் வளரும். அதனால் முழுப் பலன் தெரிய இரண்டு வருசம் எடுக்கும் எண்டுதான் குழு கணக்குப் போட்டிருந்தது. 2015 மார்ச்சில் அறிவித்தபோது அவர் அதற்குள்ளேயே பெரும்பாலும் தேறியிருந்தார்.

மருந்தின் விலையும் தெரிந்தது. ஏழாம் மாதத்தில் சிறுநீரகப் பாதிப்பு வந்து, மருந்தின் அளவைக் குறைத்ததும் சீரானது. எட்டாம் மாதத்தில் தோலில் பங்கசுத் தொற்று. இரண்டு வருசத்துக்குப் பிறகு வெளிவந்த ஆய்வறிக்கை இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதியது. அதோடு, அவருடைய வாழ்க்கைத்தரம் கணிசமாக உயர்ந்ததையும் எழுதியது.

எங்களை அதிகம் தொட்டது கொடையாளியின் குடும்பம்தான். பிள்ளையை முழு உடம்போடு புதைக்கவேணும் என்பது அவர்களுடைய விருப்பம். அதனால் வைத்தியர்கள் அவருடைய வயிற்றுத் தோலிலிருந்து ஆண்குறி வடிவமொன்றை உருவாக்கி, அந்த இடத்தில் வைத்துத் தைத்து உடலைக் கொடுத்தார்கள். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு சத்திரசிகிச்சை, செத்தவனுக்கும் ஒரு சத்திரசிகிச்சை. இரண்டாவதால் எந்த மருத்துவப் பயனும் இல்லை. ஆனால் அது இல்லாமல் முதலாவது நடந்திருக்காது.

2017 ஏப்ரலில் அதே குழு 40 வயதான ஒருவருக்கும் செய்தது. அவர் 17 வருசத்துக்கு முன்னால் இதே சடங்கில் இழந்தவர். கொடையாளியின் தோல் நிறம் வேறு. பிறகு பச்சை குத்தி நிறத்தைச் சரிசெய்யலாம் எண்டு திட்டமிட்டார்கள். இனஒதுக்கல் ஆண்ட நாட்டில், ஒரு மனிதனின் மிக அந்தரங்கமான உறுப்பு இன்னொரு நிறத்தில்! வரலாறு சிலவேளை கதை எழுதுறவர்களைவிடத் துணிச்சலாக எழுதுது.

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. கிழக்கு கேப் மாகாணம் 2001 இலேயே இந்தச் சடங்குகளுக்குச் சுகாதார விதிகள் வைத்துச் சட்டம் போட்டது. அதன் பிறகும் இழப்புகள் நிற்கவில்லை. அப்படியெண்டால் ஒருவருக்கு மாற்று உறுப்பு வைக்கிற காசை, ஆயிரம் பேருக்கு இழப்பே வராமல் தடுக்கச் செலவழிக்கலாம்தானே? கேள்வி நியாயமானது. ஆனால் ஏற்கெனவே இழந்தவனிடம் போய், "உன்ர காசில மற்றவனைக் காப்பாத்திப் போட்டம்" எண்டு சொல்லிப் பாருங்கோ. எங்களுக்கு வாய் வராது. இரண்டும் வேணும் என்பதுதான் எங்கட பதில்.

பொஸ்டனும் பால்டிமோரும்: சொல்ல முடியாத காயம்

2016 மே மாதம் பொஸ்டனின் மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலை, புற்றுநோயால் உறுப்பை இழந்த 64 வயதுக்காரருக்கு 15 மணித்தியாலம் எடுத்து இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்தது. அமெரிக்காவில் முதலாவது. நிர்ப்பீடனத்தை அடக்கினால் புற்றுநோய் திரும்பி வரலாம் என்பதால் இது இன்னொரு வகைச் சூதாட்டம். ஆனால் இந்த நோயாளி ஒளியவில்லை. தன்னைப்போல வெட்கத்தில் ஒடுங்கியிருக்கும் மற்றவர்களுக்காகத் தன் பெயரையும் முகத்தையும் பத்திரிகைக்குக் கொடுத்தார். குவாங்சோவில் இல்லாமல் போன குரல் பத்து வருசத்தில் வெளியே வந்தது.

பால்டிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு இராணுவத்தினரை மனதில் வைத்துத்தான் ஆய்வைத் தொடங்கியது. 2001 முதல் 2013 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் 1,367 அமெரிக்கப் படையினருக்குப் பாலுறுப்பு, சிறுநீர்த் தொகுதிப் பகுதிகளில் காயம் ஏற்பட்டதாக இராணுவப் பதிவு சொல்கிறது. நிலத்துக்குள் புதைத்த வெடி கீழிருந்து மேலேதானே வெடிக்கும்.

2018 மார்ச் 26 ஆம் திகதி, ஆப்கானிஸ்தானில் இரண்டு கால்களையும் இழந்த ஒரு முன்னாள் படையினருக்கு, ஆண்குறி, விரைப்பை, அடிவயிற்றுச் சுவரின் ஒரு பகுதி எல்லாவற்றையும் ஒரே துண்டாகப் பொருத்தினார்கள். 14 மணித்தியாலம், 11 சத்திரசிகிச்சை நிபுணர்கள். கொடையாளியின் எலும்பு மச்சையையும் ஏற்றி, மருந்தின் அளவைக் குறைக்க வழி தேடினார்கள்.

போர் பார்த்த மண்ணில் இருந்து இதை வாசிக்கிற எங்களுக்கு ஒரு இடத்தில் நிக்கவேண்டி வந்தது. கால் இழந்தவர்களைப் பற்றி நாங்கள் கதைக்கிறம், செயற்கைக் கால் பற்றிக் கதைக்கிறம். இடுப்புக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே பட்ட காயங்களைப் பற்றி எப்பவாவது கதைச்சிருக்கிறமா?

பிறக்கிற பிள்ளை ஆருடையது?

ஹொப்கின்ஸ் குழு விரைப்பையை எடுத்தது, விரையை எடுக்கவில்லை. வேணுமெண்டுதான். விரையில் உருவாகும் விந்தில் இருப்பது கொடையாளியின் மரபணு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு மரபணுவின்படி அப்பா செத்துப்போன ஓர் ஆள். அவர் தன் உறுப்பைக் கொடுக்கச் சம்மதித்திருக்கலாம், அப்பாவாகச் சம்மதித்தாரா? அவருடைய பெற்றோர் தங்களுக்குத் தெரியாமலே தாத்தா பாட்டி ஆகலாமா? அதனால் விரையை விலக்கிவிட்டார்கள். கேப் டவுன் இளைஞருக்கு இந்தச் சிக்கல் இல்லை. விரைகள் அவருடையவை. 2015 ஜூனில் அவருடைய துணைவி கருவுற்றிருப்பதாக வைத்தியர் அறிவித்தபோது, பிள்ளை ஆருடையது என்ற கேள்வியே எழவில்லை.

கருப்பையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சுவீடனின் கொத்தன்பேர்க்கில் மற்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழு செய்த சத்திரசிகிச்சையில் 61 வயதுத் தோழி ஒருவரின் கருப்பையைப் பெற்ற பெண்ணுக்கு 2014 செப்டம்பரில் பிள்ளை பிறந்தது. மாற்றுக் கருப்பையில் வளர்ந்த உலகின் முதல் பிள்ளை. முட்டை தாயினுடையது, கருப்பை மட்டும்தான் இரவல். பிள்ளை பெற்று முடிந்ததும் கருப்பையை எடுத்துவிடலாம், மருந்தையும் நிறுத்தலாம். ஆண்குறிக்கு அந்த வசதி இல்லை. எடுத்தால் மறுபடி பழைய இடம்தான்.

ஆருக்குக் கிடைக்கும்?

கடைசியாக ஒரு கேள்வி. மாற்று உறுப்பு இல்லாமலே, நோயாளியின் சொந்த முன்கைத் தோலிலிருந்து ஆண்குறி உருவாக்கும் முறை 1984 இல் சீனாவில் விபரிக்கப்பட்டது. நிராகரிப்பும் இல்லை, மருந்தும் இல்லை. அதற்கு முன்னோடி இங்கிலாந்தின் ஹரோல்ட் கில்லீஸ். முதலாம் உலகப் போரில் சிதைந்த படையினரின் முகங்களுக்காக அவர் உருவாக்கிய தோல் ஒட்டு முறையை வைத்துத்தான், 1946 முதல் மைக்கேல் டில்லன் என்ற திருநம்பிக்கு ஆண்குறி உருவாக்கினார். படையினருக்காகக் கண்டுபிடித்த வித்தை, உலகம் ஏற்க மறுத்த ஒருவரிடமும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் மாற்றுச் சத்திரசிகிச்சையின் முதல் வருசங்களில் வரிசை வேறு. விபத்தில் இழந்தவர், சடங்கில் இழந்தவர், புற்றுநோயாளி, படையினர். எல்லாரும் "இழந்தவர்கள்". பிறப்பிலேயே இல்லாத திருநம்பிகள் அந்த ஆரம்பத் திட்டங்களுக்குள் வரவில்லை. உடற்கூறு வேறு, இணைக்க வேண்டிய நரம்பும் குழாயும் வேறு என்பது உண்மையான காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணமா? நாட்டுக்காக இழந்தவருக்கு உலகம் முதலில் இரங்கும். அந்த இரக்கமே வரிசையைத் தீர்மானித்தால் அது அறமா, பிரபலமா?

எங்களிடம் முடிந்த முடிவு இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். "உயிர் காக்கும் உறுப்பு", "உயிர் காக்காத உறுப்பு" என்ற கோடு, நாங்கள் தொடங்கும்போது நினைத்த அளவுக்கு நேராக இல்லை. கேப் டவுன் வைத்தியர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இப்படி இழந்த இளைஞர்களில் சிலர் தங்களைத் தாங்களே மாய்த்துக்கொள்கிறார்கள் என்பது. அப்படியெண்டால் அது உயிர் காக்கிற உறுப்பா இல்லையா?

வட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மை போட்ட தோழர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை வாசிச்சார். இந்தமுறை பொம்மை போடேல்லை. "அந்த மனுசிக்கு என்ன நடந்ததெண்டு எங்கயாவது இருக்கா?" எண்டு கேட்டார். குவாங்சோ மனைவியைத்தான் கேட்கிறார். நாங்களும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம்.